பாடத் தெரிந்த சிறுவன்

கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் தந்தை, அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடியவர். மகனோ பாடிக்கொண்டே உரிமைக்குப் போராடினார். நம்மிடமும் அப்படியொரு குரல் இருந்தது: கே.ஏ. குணசேகரன். 1955-இல் இளையான்குடி அருகே மாரந்தையில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். இளையான்குடி இஸ்லாமியர் நடுவே பெரிதாய்த் தெரியாத சாதி, சுற்றுக் கிராமங்களில் அந்தச் சிறுவனை வழிமறித்தது. பசியும் அவமானமும் கூடவே வந்தன, பாட்டும் வந்தது. அத்தனையையும் ‘வடு’ என்ற தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பக்கத்து ஊர்தான் புதுச்சேரி. இவ்வூர்களின் ஆசிரியர்களே, பாடத் தெரிந்த ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். அதன் கையில் ‘வடு’வைக் கொடுங்கள்.