விதியா, கடமையா?

முதியவர் ஒருவரின் பார்வை மங்கினால், "வயதானால் அப்படித்தான், எல்லாம் விதி" என்று கூறி அமைந்துவிடுகிறோம். எது விதி, எது நம் கடமை? கண்ணைப் பற்றிய அறிவின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதே பார்வை எனக் கிரேக்க அறிஞர் யூக்ளிடும் நம் நாட்டு நியாய நெறியினரும் எண்ணினர். விழியின் வில்லையே பார்வையின் இருப்பிடம் என்றும், மூளையினின்று உள்ளீடற்ற நரம்பின் வழியே நுண்ணிய ஆவி அதற்கு வருகிறது என்றும் 2ஆம் நூற்றாண்டில் மருத்துவர் காலென் கற்பித்தார். ஒளி வெளியிலிருந்தே கண்ணுக்குள் வருகிறது என்று 11ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இபின் அல் ஹைத்தம் நிறுவினார். வில்லை ஒளியைக் குவிப்பதோடு சரி, உருவம் விழுவது பின்னுள்ள விழித்திரையில் என்று 1604இல் கெப்ளர் விளக்கினார். சேசு சபைக் குருவான ஷைனர், விலங்கின் விழியில் பின்தோலைச் சீவி, தலைகீழாய் விழும் அவ்வுருவத்தைக் கண்கூடாகக் கண்டார்.

வில்லை ஒரு சன்னல் என்று தெரிந்தபின், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்புரை என்பது அச்சன்னல் மங்குவதே என்பதும் தெளிவாயிற்று. நரம்பு பட்டுப்போனால் இழந்த பார்வை மீள்வதில்லை. புரையினால் மறைந்த பார்வையோ பெரும்பாலும் மீளும்.

இவ்வறிவு நம் காவிரிக் கரைக்கும் வந்தது. தஞ்சையில் 1798இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி மன்னர், மறு ஆண்டே கோட்டைக்கு வெளியே ஆட்சியுரிமையை ஆங்கிலேயரிடம் இழந்தார். ஆயினும் நூல்களைத் தொகுப்பதிலும் மருத்துவத்திலும் மனத்தைச் செலுத்தினார். அவர் காலத்துக் கண்ணோயாளர்களைப் பற்றிய குறிப்புகளும், அவர்தம் கண்களைத் தீட்டிய ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. ஒவ்வொருவர் கண்ணும் தனித்து நோக்கத் தக்கது என்பதற்கு அவை சான்று.

இன்றோ அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் புரை அறுவை இலவசமாகவே நடைபெறுகிறது. எனினும், ஆயுளெல்லாம் நாற்று நட்டுக் களை பறித்த மூதாட்டி திண்ணையில் இருளில் அமர்ந்திருக்கிறாள். அழைத்துச் செல்வோர்க்கு ஒரு நாள் கூலி போகும். "இனி இவள் எதைப் பார்க்கப் போகிறாள்?" என்கிறது வீடு. "எனக்கெதற்கு?" என்று அவளும் அதையே சொல்லப் பழகிவிட்டாள்.

அறியாத காலத்தில் இதனை விதி என்றதில் குற்றமில்லை. அறிந்தபின்னும் அவ்வாறே கூறுவது, நம் சோம்பலுக்கு நாம் சூட்டும் நல்ல பெயரன்றோ? மருத்துவர் கைவிரிக்கும் இடத்திலும் நம் கடமை முடிவதில்லை; கைபிடித்து நடத்தலாம், கடிதம் படித்துக் காட்டலாம். ஆனால் எது தீரும், எது தீராது என்பதைத் திண்ணையில் அமர்ந்து நாமே தீர்ப்பிடலாகாது. முதலில் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.