மில்லிமீட்டர் நீதி

நடுவர் என்பது பொருள் செறிந்த தமிழ்ச் சொல். இரு தரப்பாருக்கும் நடுவே நிற்பவர், எப்பக்கமும் சாயாதவர் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது. நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவர் துலாக்கோலைக் கண்டார். இன்று உலகக் கால்பந்துத் திடல்களில் அத்துலாக்கோல் கணிப்பொறியின் துணையோடு இயங்குகிறது. முன்னெப்போதும் இல்லாத நுட்பத்தோடு நிறுக்கிறது. ஆயினும் பார்வையாளர் மனம் ஆறவில்லை. முன்னிலும் மிகுதியாகக் கொதிக்கிறது. துல்லியம் கூடினால் நீதியும் கூட வேண்டும். நீதி கூடினால் அமைதி பிறக்க வேண்டும். அவ்வாறு நிகழாதது ஏன்? விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றும் இக்கேள்வி உண்மையில் ஓர் அறநெறிக் கேள்வி. துல்லியமும் நீதியும் ஒன்றுதானா என்பதே அது.

குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பங்குகளில் கால்பந்து எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை நம் வாசகர் பலர் அறிவர். உலகக் கோப்பைக் காலத்தில் அங்கெல்லாம் நள்ளிரவு கடந்தும் வாதம் ஓய்வதில்லை. எனவே இதனை அயல்நாட்டார் சிக்கல் என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

விதியும் அதன் நோக்கமும்

ஆஃப்சைடு விதியை அறியாதவருக்காகச் சுருங்கச் சொல்வோம். தம் அணியினர் பந்தை உதைக்கும் அந்த நொடியில், எதிரணியின் பாதியில் நிற்கும் ஆட்டக்காரர் ஒருவரின் தலையோ உடலோ காலோ, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆட்டக்காரரையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகில் இருக்குமானால், அவர் ஆஃப்சைடு நிலையில் இருக்கிறார். அந்நிலையிலிருந்து அவர் ஆட்டத்தில் பங்கேற்றால் நடுவர் விசில் ஊதுவார். கோல் விழுந்தாலும் செல்லாது. கைகள் மட்டும் கணக்கில் சேர்வதில்லை.

முன்னே சென்று பதுங்கி நின்று, உழைக்காமல் ஆதாயம் தேடுவதைத் தடுப்பதே இவ்விதியின் நோக்கம். 1863இல் இங்கிலாந்தில் விதிகள் முதன்முதலாக எழுதப்பட்டபோது பந்துக்கு முன்னால் நின்ற எவரும் ஆஃப்சைடுதான். 1866இல் எதிரணியினர் மூவர் முன்னே இருந்தால் போதும் என்று தளர்த்தினர். 1925இல் மூவர் இருவராயினர். 1990இல், கடைசிக்கு முந்திய ஆட்டக்காரருக்கு நேராக நிற்பவரும் ஆஃப்சைடு அல்லர் என்று முடிவு செய்தனர். திருத்தம் வந்த இம்மூன்று முறையும் சட்டம் ஆட்டக்காரருக்குச் சற்றே இடம் விட்டுக் கொடுத்திருக்கிறது என்பதைக் கருத்தில் கொள்வோம்.

2018 மார்ச் மாதம் வீடியோ உதவி நடுவர் முறை விதிநூலில் இடம்பெற்றது. அவ்வாண்டே ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் அது பயன்பட்டது. 2019இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அதனை ஏற்றது. 2022இல் கத்தார் உலகக் கோப்பையில் அரங்கின் கூரையடியில் 12 கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவை ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கணித்தன. பந்தினுள் வைத்த உணர்கருவி நொடிக்கு 500 முறை செய்தி அனுப்பியது.

இத்தகைய நுட்பத்தின் முன் இரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். "கோடு என்றால் கோடுதான், ஓர் அங்குலம் தாண்டினாலும் தாண்டியதுதான்" என்கின்றனர் ஒரு சாரார். "கால்விரலின் நுனியைத் தேடிக் கோலைப் பறிப்பதற்கா இவ்விதி வந்தது?" என்கின்றனர் மறு சாரார். இரு சாராரிடமும் நியாயம் இருக்கிறது. அதனை எங்கே பிரித்தறிவது?

மறைத்த பொய்யும் அறியாத பிழையும்

1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரின் ஆஸ்டெக்கா அரங்கில், இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் மரடோனா கையால் பந்தைத் தட்டிக் கோலாக்கினார். துனிசிய நாட்டவரான நடுவர் அதனைக் காணவில்லை. கோல் என அறிவித்தார். அர்ஜென்டினா 2-1 என வென்றது. இங்கே உண்மையை அறிந்த ஒருவர் இருந்தார், அவர் மரடோனாவே. அறிந்தவர் மௌனம் காத்தார், அறியாதவர் ஏமாந்தார். இத்தகைய இடத்தில் வீடியோ வருவதை நாம் வரவேற்க வேண்டும். வஞ்சிக்கப்பட்டவர் பக்கம் நின்று உண்மையைச் சொல்லும் சாட்சி அது. அத்தகைய சாட்சியை வேண்டாம் என்பவர், வலியவன் ஏமாற்றிப் பிழைக்கட்டும் என்று சொல்வதாகவே முடியும்.

2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு உதைத்த பந்து கோல் கோட்டை நன்கு கடந்தே விழுந்தது. தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த உலகமே கண்டது. நடுவர் குழுவினர் மட்டும் காணவில்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, 2012இல், பந்து கோட்டைக் கடந்ததா என்று காட்டும் கருவிக்கு இசைவு கிடைத்தது. அதனை எவரும் இன்று குறை கூறுவதில்லை.

இனி வேறொரு காட்சி. 2019 ஆகஸ்டு 10 அன்று லண்டனில் வெஸ்ட் ஹாம் அணிக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டி அடித்த ஒரு கோல், ஸ்டெர்லிங்கின் தோள் முன்னே இருந்ததாகக் கூறி நீக்கப்பட்டது. வேறுபாடு 2.4 சென்டிமீட்டர் என்று செய்திகள் கூறின. அவ்வாண்டு நவம்பர் 2 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான ஆட்டத்தில் லிவர்பூல் வீரர் ஃபிர்மினோவின் அக்குள் முன்னே இருந்ததாகக் கூறி மற்றொரு கோல் நீக்கப்பட்டது. இங்கே எவர் எவரை ஏமாற்றினார்? ஓடியவருக்கும் தெரியாது, காத்து நின்றவருக்கும் தெரியாது, கோட்டோரம் கொடியோடு நின்ற துணை நடுவருக்கும் தெரியாது. முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்று திருச்சபை நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆஃப்சைடு பாவமன்று, அது ஒரு நிலை மட்டுமே என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் எந்த மனிதக் கண்ணுக்கும் எட்டாத ஒன்றை, செய்தவரே அறியாத ஒன்றை, பொய்யைத் தண்டிப்பது போன்றே தண்டிக்கும்போது மனித உள்ளம் முரண்டு பிடிக்கிறது. இரசிகரின் கொதிப்பில் உள்ள நியாயம் இதுவே எனக் கருதுகிறோம்.

ஈயக் கோலின் பாடம்

இந்நியாயத்தைப் பழைய மெய்யியலார் நன்கு அறிந்திருந்தனர். லெஸ்போஸ் தீவின் கொத்தர்கள் கரடுமுரடான கற்களை அளக்க ஈயத்தாலான கோலைப் பயன்படுத்தினர் என்று அரிஸ்டாட்டில் தமது நிக்கோமாக்கிய அறநூலில் குறிப்பிடுகிறார். இரும்புக் கோல் கல்லின் வடிவுக்கு வளையாது. ஈயக் கோலோ கல்லோடு இயைந்து வளையும். சட்டம் பொதுவாக வகுக்கப்படுகிறது. வாழ்க்கையோ தனித்தனி நிகழ்ச்சிகளால் ஆனது. ஆகையால் சட்டத்தின் எழுத்து அதன் நோக்கத்திற்கே ஊறு செய்யுமிடத்தில், நோக்கத்தைக் காப்பதே நீதி. இப்பண்பை எப்பிக்கேயா என்றனர் கிரேக்கர். புனித தோமா அக்குவினாஸ் இதனை நீதியின் ஒரு கூறாகவே, ஒரு நற்பண்பாகவே வைத்தெண்ணுகிறார். ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தருவது சட்டம். ஆனால் பித்துப் பிடித்தவன் வந்து தன் வாளைக் கேட்டால் கொடுப்பது அறமாகாது என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. வயல் வழியே நடந்த சீடர்கள் பசியால் கதிர் கொய்தபோது ஆண்டவர் இயேசு ஓய்வுநாள் சட்டத்தின் நோக்கத்தையே எடுத்துக் காட்டினார். புதினா, சோம்பு, சீரகம் ஆகியவற்றில் பத்திலொரு பங்கைத் தவறாது எண்ணிக் கொடுத்தவர்களை அவர் கண்டித்தது, அவர்கள் எண்ணியதற்காக அன்று; எண்ணுவதிலேயே இரக்கத்தையும் நீதியையும் தொலைத்ததற்காக.

"ஆயின் கோட்டைச் சற்று நகர்த்தி வைத்தால் போயிற்று" என்பார் உளர். ஃபிஃபாவில் பணியாற்றும் புகழ்பெற்ற பயிற்சியாளர் வெங்கர் அத்தகைய மாற்றத்தை முன்மொழிந்திருக்கிறார். உடலில் கோலடிக்கத் தகுந்த ஏதேனும் ஒரு பகுதி தடுப்பாளருக்கு நேராக இருந்தாலும் ஆஃப்சைடு இல்லை என்பது அதன் சாரம். அது நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் நகர்த்திய கோட்டின் ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் காத்திருக்கும். அங்கும் வாதம் பிறக்கும். கோட்டை எங்கே போடுவது என்பதைவிட, கோட்டின் ஓரத்தில் நம் அறிவு மங்கும்போது என்ன செய்வது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

ஐயத்தின் உரிமை

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர் நொடிக்கு 10 மீட்டர் கடக்கிறார். நொடிக்கு 50 படங்கள் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அவர் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். உதைத்தவர் காலில் பந்து பட்ட கணம் எந்தப் படத்தில் உள்ளது என்பதைத் திரைமுன் அமர்ந்த மனிதரே தேர்ந்தெடுத்த காலம் அது. அத்தகைய கருவியைக் கொண்டு 2.4 சென்டிமீட்டரைத் தீர்ப்பாக்கியது துல்லியமாகுமா? தன் எல்லையை அறியாத அளவீடு என்றே அதனைச் சொல்ல வேண்டும். பின்னர் 2021இல் பிரீமியர் லீக் தடித்த கோடுகளைக் கையாண்டது. இரு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் கோல் செல்லும் என ஏற்றது. கிரிக்கெட்டிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எல்.பி.டபிள்யூ. முறையீட்டில், பந்து ஸ்டம்பைச் சற்றே உரசும் என்று மட்டும் கணிப்பு காட்டினால் திடல் நடுவர் முதலில் தந்த முடிவே நிலைக்கும். இவையெல்லாம் கருவியை வெறுத்தவர்கள் செய்தவை அல்ல. கருவியின் எல்லையை ஒப்புக்கொண்டவர்கள் செய்தவை.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றோர்க்கு இது பழகிய பாதை. பதினெட்டாம் நூற்றாண்டில், ஐயம் எழும் இடமெல்லாம் மனச்சான்றின்மேல் பாரத்தை ஏற்றிய கடுநெறியாளர் ஒருபுறம் இருந்தனர். எதையும் அனுமதித்த தளர்நெறியாளர் மறுபுறம் இருந்தனர். இருவருக்கும் இடையே நின்றவர் புனித அல்போன்ஸ் மரிய லிகோரியார். நிச்சயமற்ற சட்டம் நிச்சயமான கடமையைச் சுமத்த இயலாது என்ற நெறியை அவர் ஏற்றார். உண்மையை அவர் தளர்த்தவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகப் பாவிக்க மறுத்தார், அவ்வளவே. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஒப்புரவு அருளடையாளம் வழங்குவோர்க்குப் பாதுகாவலராக அறிவித்தது பொருத்தமன்றோ?

பிழையைப் பொறுக்கும் உள்ளம்

கருவி வந்தபின் பிழை ஒழிந்ததா? 2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாம் அணிக்கு எதிராக லிவர்பூலின் டியாஸ் அடித்த கோலுக்குத் துணை நடுவர் ஆஃப்சைடு கொடி உயர்த்தினார். வீடியோ அறையில் இருந்தவர்கள் சரியாகவே அளந்தனர். அவர் ஆஃப்சைடு இல்லை என்றும் கண்டனர். ஆனால் திடலில் கோல் வழங்கப்பட்டுவிட்டது எனத் தவறாக எண்ணி, சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டனர். ஆட்டம் தொடர்ந்தது; திரும்பிச் செல்ல விதி இடம் தரவில்லை. கருவி பிழைக்கவில்லை, களைத்தும் பதறியும் போகும் மனிதர் பிழைத்தனர். எத்தனை கருவிகள் வந்தாலும் இறுதியில் ஒரு மனிதர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தைக் கருவியின்மேல் இறக்கி வைக்க முடியாது.

பிழையே நேராது என்று நம்பவைத்த பிறகு நேரும் பிழையை எவரும் மன்னிப்பதில்லை. நார்வேயில் 2024 ஜூலையில் வீடியோ நடுவரை எதிர்த்து இரசிகர்கள் மீன் உருண்டைகளைத் திடலில் எறிந்ததால் ஓர் ஆட்டம் கைவிடப்பட்டது. சுவீடனில் கழக உறுப்பினர்களான இரசிகர்களின் எதிர்ப்பால் 2024இல் இம்முறை வேண்டாமென முடிவாயிற்று. இங்கிலாந்திலோ அவ்வாண்டு ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் இதனை நீக்க வேண்டும் என்றது ஒரே ஒரு கழகம். ஏனைய பத்தொன்பதும் வேண்டும் என்றன. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. கவலை தருவது வேறொன்று: நேர்மையான பிழையைப் பொறுத்துக்கொள்ளும் உள்ளம் நம்மிடையே சுருங்கி வருகிறது.

திடலுக்கு வெளியேயும் இதனைக் காண்கிறோம். பங்குகளில் குடும்பச் சிக்கல்களைப் பேசித் தீர்க்க வருவோர் இன்று கைப்பேசிப் பதிவுகளோடு வருகின்றனர். என்றோ சினத்தில் சொன்ன சொல், நாளும் மணியும் குறித்துக் காட்டப்படுகிறது. அச்சொல் மெய், பதிவும் மெய். வஞ்சனையும் வன்முறையும் நடந்த வீட்டில் அத்தகைய சான்று எளியவருக்குக் காவலாகும். அதனை நாம் மறுக்கவே மாட்டோம். ஆனால் அறியாமல் தடுமாறிய ஒருவரை வெல்வதற்காக அளவுகோலை நீட்டும்போது, வாதத்தில் வெல்வோம், உறவை இழப்போம். ஒப்புரவு அருளடையாளத்தில் கேமரா இல்லை. குற்றம் செய்தவரே அங்கே சாட்சியாகிறார். தாமே உண்மையைச் சொல்கிறார். மரடோனா அன்று திடலில் செய்யாதது அதுதான். 2015இல் அவர் துனிசியா சென்று, தம்மால் ஏமாற்றப்பட்ட அந்நடுவரின் இல்லத்தில் அவரைச் சந்தித்துக் கையொப்பமிட்ட அணிச் சட்டையொன்றை அளித்தார். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்தேனும் அவ்விருவரும் நண்பராயினர். எந்தக் கருவியும் அதனைச் செய்திருக்க இயலாது.

உலகில் ஆடப்படும் கால்பந்தில் மிகப் பெரும்பகுதி கேமராவே இல்லாத திடல்களில் நடக்கிறது. நம் ஊர்த் திருவிழாப் போட்டியில் ஒரே ஒரு விசிலோடு வெயிலில் ஓடும் மனிதருக்குத் திரையும் இல்லை, மறுஒளிபரப்பும் இல்லை. அவர் ஒருபக்கம் சாய்ந்தால் கண்டிப்போம். கண் தவறினால், ஏன் தவறியது என்று அவரைச் சூழ்ந்து நின்று வசைபாடுமுன், நம் வீட்டில் இன்று காலை நாமே எத்தனை முறை தவறாகத் தீர்ப்புச் சொன்னோம் என்று எண்ணிப் பார்ப்போம். நம் பிள்ளைகள் ஆட்டத்தை மட்டும் அல்ல, பிழைத்த நடுவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.