தாரை வார்த்தால் தாய் வீடு தீர்ந்ததா?

'தாரை வார்த்துக் கொடுத்தாச்சு. இனி அவ அந்த வீட்டுப் பொண்ணு. நாம என்ன பேசறது?'

புகுந்த வீட்டில் மகள் கண் கலங்குகிறாள் என்று தெரிந்தும், நம்மில் பலர் இப்படிச் சொல்லித்தான் வாயை மூடிக்கொள்கிறோம். மனசு கேட்கவில்லை, ஆனாலும், சாஸ்திரத்தை மீறக் கூடாதே என்று ஒரு பயம். அந்தச் சொல்லுக்கு அப்படியா அர்த்தம்?

தாரை என்றால் இடைவிடாமல் ஒழுகும் நீர். தானம் தரும்போது நீர் வார்த்துக் கொடுப்பது நம் மரபு. கல்யாணத்தில் அப்பா பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க, அம்மா நீர் வார்க்கிறாள். ஆனால், கைவிட்டுப் போன சொத்தையும் நாம் 'தாரை வார்த்துட்டான்' என்றே பேசிப் பழகிவிட்டோம். அந்த அர்த்தத்தையே மகளுக்கும் பொருத்திவிட்டோம்.

பசுவைத் தானமாகப் பெற்றவர், அதை இன்னொருவருக்குத் தானம் செய்யலாம். மனைவியை அப்படிக் கொடுக்க முடியுமா? ஆகவே, கன்னிகாதானம் என்பது பொருளைக் கைமாற்றுவது அல்ல. 'அறம், பொருள், இன்பம் மூன்றிலும் இவளை மீறி நடக்கக் கூடாது' என்று பெண்ணைப் பெற்றவர் கேட்க, மாப்பிள்ளை அதற்கு வாக்களிக்கும் வழக்கமும் உண்டு. வாக்கு வாங்கியவருக்கு, 'அதைக் காப்பாற்றுகிறாயா?' என்று கேட்க உரிமை இல்லையா?

மதுரை மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் உள்ள திருக்கல்யாணச் சிற்பத்தைத் தரிசித்திருப்பீர்கள். நடுவே நாணத்துடன் மீனாட்சி, ஒருபுறம் சொக்கநாதர், மறுபுறம் தாரை வார்க்கும் அண்ணன் திருமால். அத்துடன் அண்ணன் கடமை தீர்ந்துவிடவில்லை. ஆண்டுதோறும் சித்திரைத் திருக்கல்யாணத்துக்கு, திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாளாக எழுந்தருள்கிறார். தங்கையும் தன் பட்டத்தை இழக்கவில்லை. திருவிழாவின் 8-ம் நாள் பட்டாபிஷேகம், 10-ம் நாள் திருக்கல்யாணம். மணமான பிறகும் ஆவணி வரை மதுரையில் அவள் ஆட்சிதான் என்பது ஐதீகம்.

சின்னச் சின்ன மனத்தாங்கலுக்கெல்லாம் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். ஆனால், அடியும் அவமானமும் என்றால் பேசாமல் இருப்பது தர்மம் ஆகாது. போனில் 'ஒண்ணுமில்லைம்மா' என்று சொல்லும் மகளின் குரல் தழுதழுத்தால், 'நான் கிளம்பி வரட்டுமா?' என்று கேளுங்கள்.

கூடவே, உங்கள் வீட்டு மருமகளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவளும் ஒரு தாய் நீர் வார்த்துக் கொடுத்த பெண்தானே!