கொடையும் நினைவும்

யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களில் 31ஆம் நாளையொட்டி வெளியிடப்பெறும் கல்வெட்டு, இறந்த நாளைத் திதி வெண்பாவால் பிழையறப் பதிவுசெய்யும். இறந்தவரைப் பற்றி அதற்கு அத்துணைக் கண்டிப்பு இல்லை. காப்பை ஈடுவைத்து மருமகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மாமியும் அங்கே ‘சாந்த சொரூபி’ ஆகிவிடுவார்.

அவரோ, வேண்டாமென்ற கணவரோடு வாதாடி வென்றவர். ஈடு பிடித்தவரிடம் வட்டிக்காக வழக்காடியவர். கொடுத்த பணத்துக்கு மருமகனிடம் சதம் பிசகாமல் கணக்குக் கேட்டவர். இறந்தோரைக் குறைகூறாமை நாகரிகமே. ஆயின், அந்த வாய்த்துடுக்கு குறைதானா? அஃதின்றி அக்கொடையே நிகழ்ந்திராது. அவரைச் சாந்தராக்கும்போது, கொடை எளிதாய் நிகழ்ந்ததாகிறது. பெற்றவனது கடனும் அவனறியாமலே சுருங்குகிறது.

கல்வெட்டுப் பாடுவிக்கும் பொறுப்பு, படித்தவன் என்பதால், பெரும்பாலும் அவனையே சேர்கிறது.