காராமணியும் கீரையும்

வனவாசத்தில் துர்வாஸ முனிவர் சீடர் குழாத்துடன் வந்து அன்னம் வேண்டியதும், திரௌபதி கதியற்றுக் கண்ணனைச் சரணமடைந்ததும், அக்ஷய பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த கீரைத் துணுக்கைப் பகவான் அமுது செய்ததும் பாகவதர் யாவரும் அறிந்த சரிதம். எளியவரின் பாத்திரத்தில் மிஞ்சியதே மங்கலப் பொருளாகும் விந்தை, கடல் கடந்த தேசமொன்றிலும் வேறொரு வகையில் விளங்குகின்றது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஜனவரி 1ஆம் நாள் உண்பதற்கென்றே சில பண்டங்கள் உண்டு. காராமணியும் அரிசியும் சேர்த்து ஆக்கும் சோற்றுக்கு ‘ஹாப்பின் ஜான்’ என்று பெயர். அதில் அவர்கள் மாமிசமும் சேர்ப்பர்; அது அவ்வூர் வழக்கு. உடன், முட்டைக்கோசின் இனமாயினும் உருண்டை கட்டாத ஒரு கீரையும், மக்காச்சோள ரொட்டியும் பரிமாறப்படும். காராமணி நாணயம், கீரை காகிதப் பணம், ரொட்டி பொன் என்பது அவர்தம் நம்பிக்கை. ஊறிப் பருப்பதால் காராமணி செல்வப் பெருக்கையும் குறிக்குமாம்.

இவ்வளவோடு நிறுத்தினால் வெறும் பொருளாசையாகவே தோன்றும். இவ்வுணவை அத்தேசத்திற்குத் தந்தவர் யாவர்? காராமணி ஆப்பிரிக்க மண்ணின் பயிர். காரடையான் நோன்பன்று சுமங்கலிகள் அடையில் சேர்க்கும் அதே தானியந்தான். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்ட மக்களோடு அது அட்லாண்டிக் கடலைக் கடந்தது. தென் கரோலினாவின் நெல் வயல்கள் செழித்ததும் அம்மக்களின் உழைப்பாலும் வேளாண் அறிவாலுமே. ஹாப்பின் ஜான் செய்முறையை 1847இல் சமையல் நூலில் அச்சேற்றிய சாரா ரட்லெட்ஜோ எஜமானர் குலத்துப் பெண்மணி.

அந்நாளில் ஜனவரி 1 அடிமைகளுக்கு மங்கல நாளாக இருந்ததில்லை. எஜமானர் கணக்கு முடித்து, கடனுக்காக அவர்களை விற்பதும், பிறரிடம் ஓராண்டுக் கூலிக்கு விடுவதும் அன்றுதான். தாய் ஓரிடம், சேய் ஓரிடம் எனப் பிரிய நேரும் ஆதலின், முதல்நாள் இரவு அவர்தம் குடிசைகளில் உறக்கம் ஏது?

1862 டிசம்பர் 31ஆம் நாள் இரவும் அவர்கள் உறங்கவில்லை. ஆனால் காரணம் வேறு. விடுதலைச் சாசனம் வரும் என்று தேவாலயங்களில் கூடிக் காத்திருந்தனர். மறுநாள், 1863 ஜனவரி 1இல், லிங்கன் அதில் கையொப்பமிட்டார். கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. அடிமை முறை தேசம் முழுவதும் ஒழிய 1865 டிசம்பர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. எனினும் பிரிவின் நாளே விடுதலையின் நாளாயிற்றன்றோ!

இன்றும் கறுப்பின மக்களின் தேவாலயங்கள் பலவற்றில் டிசம்பர் 31 இரவு விழித்திருந்து வழிபடுகின்றனர். நள்ளிரவு கடந்து இல்லம் திரும்புவோருக்காக அடுப்பில் காராமணி வெந்துகொண்டிருக்கும்.