தாய்வீடும் தந்தைநாடும்

கிராண்ட்பாஸ் என்பது போர்த்துக்கேயர் காலத்துப் பெயர். களனி ஆற்றைக் கடக்கும் பெருந்துறை இங்கே இருந்ததால் அப்பெயர் வந்தது. ஆற்றைக் கடந்தவர்களோடு கடலைக் கடந்தவர்களும் இங்கே குடியேறினார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வணிகத்துக்காகக் கொழும்பு வந்தவர்களைப் பழைய குடிசன மதிப்பீடுகள் 'இந்தியச் சோனகர்' எனத் தனியே எண்ணின.

அக்காலத்தில் இரு கரையாரும் ஒரே பேரரசின் குடிகள். தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் கப்பலால் இணைத்த ரயில் பாதை 1914இல் திறக்கப்பட்டது. கொழும்பில் கடையும் கீழக்கரையில் வீடுமாக வாழ்வது விசித்திரமாகத் தோன்றவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 நவம்பரில் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கடலுக்கும் கதவு போடப்பட்டது.

அச்சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எண்ணப்பட்டவை தலைகளே, குடும்பங்கள் அல்ல. ஆனால் அதே பிரஜாவுரிமைச் சட்டத்தின் இன்னொரு விதி நம்மிடையே அதிகம் பேசப்படாமலே போயிற்று. அது நம் வீட்டுப் பெண்களைத் தொட்ட விதி.

1948 நவம்பர் 15க்குப் பின் பிறந்த குழந்தை, தந்தை இலங்கைப் பிரஜையாக இருந்தால் மட்டுமே வம்சாவளிப் பிரஜையாகும். தாய் வழியாக உரிமை வருவதற்கு ஒரே வழிதான் இருந்தது: குழந்தை திருமண பந்தத்துக்கு வெளியே பிறந்திருக்க வேண்டும். அதாவது, முறையாக நிக்காஹ் செய்துகொண்ட காரணத்தாலேயே ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தன் நாட்டைக் கொடுக்கும் உரிமையை இழந்தாள். அந்த நிக்காஹ்வைப் பதிவதும் இதே அரசின் சட்டந்தான்.

இவ்விதிக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மணமான பெண் கணவன் வீட்டுக்குப் போய்விடுவாள், ஆகவே பிள்ளைகளின் ஊர் தந்தையின் ஊர் என்பதே அது. நமது வழக்கமோ நேர்மாறானது. காயல்பட்டினத்திலும் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். கொழும்பிலும் பல குடும்பங்களில் அப்படியே. நாம் வீட்டைத் தாய்வழியாக எண்ணினோம். அரசு நாட்டைத் தந்தைவழியாக எண்ணியது. இரண்டுக்கும் இடையில் பிள்ளைகள் நின்றார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மாமி இருந்தார். கணவர் கீழக்கரைக்காரர். தாம் பிறந்த வீட்டிலேயே தம் பிள்ளைகளை வீசாவில் வளர்த்தவர். "என்ட புள்ள என்ட ஊட்டுல இரிக்க வருசா வருசம் கேக்கணுமா தம்பி?" என்பார். என் கட்டுரை முழுவதும் அக்கேள்விக்குள் அடங்கிவிடும்.

2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தந்தை, தாய் இருவரில் ஒருவர் பிரஜையாக இருந்தால் போதும் என்றது. பிள்ளைகளின் கேள்விக்கு 55 ஆண்டுகளின் பின் விடை கிடைத்தது. வாழ்க்கைத்துணையின் கேள்வி நிற்கிறது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, பிரஜை நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் வசிக்கலாம், நாட்டுக்குத் திரும்பி வரலாம் என்கிறது. தனியாகத் திரும்பவா, குடும்பத்தோடு திரும்பவா? அதை அது சொல்லவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இதற்கு ஒரு பதில் சொன்னது. ஓர் உறுப்பு நாட்டுப் பிரஜை இன்னோர் உறுப்பு நாட்டில் தொழிலோடோ போதிய வருமானத்தோடோ வாழ்ந்தால், அவருடைய துணைவரும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அவரில் தங்கியிருக்கும் பெற்றோரும் எந்நாட்டவராயினும் உடன் வாழலாம். 5 ஆண்டுகளின் பின் நிரந்தர வதிவுரிமை உண்டு. குடும்பத்தைப் பிரித்துவிட்டு வழங்கும் நடமாட்டச் சுதந்திரம் கண்ணியமான சுதந்திரம் அல்ல என்பதே இதன் அடிப்படை. ஒன்றியத்தை விட்டு விலகிய பிரித்தானியாவோ 2024 ஏப்ரலில், வெளிநாட்டுத் துணையை அழைப்பதற்கான ஆண்டு வருமான எல்லையை 29,000 பவுணாக உயர்த்தியது. அங்கே ஏழையின் திருமணத்துக்குக் கடவுச்சீட்டு இல்லை.

போலித் திருமணங்கள் நடக்கின்றனவே, அரசு விசாரிக்க வேண்டாமா என்று கேட்கலாம். விசாரிக்கட்டும். ஆனால் திருமணம் மெய்யா பொய்யா என்று விசாரிப்பது வேறு. மெய்யென்று அறிந்த பின்னும் சேர்ந்து வாழ்வதைச் சலுகையாக அளந்து கொடுப்பது வேறு. முன்னையது அரசின் கடமை. பின்னையது அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதா என்பதே என் ஐயம்.

வீசா மறுக்கப்படுவது அந்நியனுக்கு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது அவனுடைய மனைவிக்கு மறுக்கப்படுகிறது. அவள் இந்நாட்டுப் பிரஜை. கணவனா, பிறந்த மண்ணா என்று தெரிவு செய்யுமாறு தன் பிரஜையிடம் கேட்கும் நாடு, அந்தப் பிரஜையின் உரிமையில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறது.