அமுதம் கடைந்தோர் யார்?

2021 ஆம் ஆண்டில் திண்டுக்கல் நகரத்துப் பூட்டுத் தொழிலாளியும், பேகம்பூர்த் தோல் தொழிலாளியும், நிலக்கோட்டைப் பூந்தோட்ட உழவனும் வரிசையில் நின்று கோவிஷீல்டு ஊசி போட்டுக்கொண்டனர். அம்மருந்தின் வைரசு வளர்ந்த விளைநிலம் எது? பிறவாத ஒரு பெண்சிசுவின் சிறுநீரகச் செல்களின் வழிவந்த செல்கள்! பின்னர் வடித்துத் தூய்மை செய்தே மருந்தாக்கினர் எனினும், வேர் அதுதான்.

மனிதச் செல் ஏறத்தாழ ஐம்பது முறை பிரியும், பிறகு ஓய்ந்துவிடும். 1973 இல் ஆலந்து நாட்டு லைடன் நகரில், வான் டெர் எப் என்பாரின் ஆய்வுக்கூடத்திலே, ஃபிராங்க் கிரகாம் என்ற இளைஞர் அடினோ வைரசின் மரபுத் துணுக்குகளை அச்செல்களில் புகுத்தினார். எத்தனையோ தட்டுகள் பாழாயின. ஒன்றே ஒன்று தழைத்தது. ஓயவில்லை, இன்றும் உலகெங்கும் பெருகுகிறது. அவருடைய 293 ஆவது சோதனை அது. ஆகவே பெயரும் 293!

புராணிகர் பாற்கடலைக் காட்டிச் சாவாமை பேசினர். ஆய்வாளரோ கண்ணாடித் தட்டிலே செய்தே காட்டினர். மகிழ்கிறோம். ஆனால் அந்தப் புராணத்தில் நாம் கேட்ட கேள்வி என்ன? பாம்பைப் பிடித்துக் கடைந்த அசுரனுக்கு அமுதத்திலே பங்கு எங்கே என்பதல்லவா? அதே கேள்வியை லைடன் வாயிலிலும் கேட்கிறோம். அந்தச் சிசுவைச் சுமந்த தாய் யார்? அவளைக் கேட்டார்களா? ஏட்டிலே விடை இல்லை.

"பாவம், தீட்டு" என்று ஊசியையே மறுப்போர் உண்டு. அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. தட்டிலே வளரும் செல்லுக்கு மனமுமில்லை, வலியுமில்லை. உயிர் காத்த மருந்தை உதறுவது மடமை. ஆயினும், "விஞ்ஞானம் நம் பக்கம், எனவே கேள்வி எதற்கு?" என்னும் தோழர்களோடும் நாம் இல்லை. அமெரிக்காவிலே கறுப்பினப் பெண் ஹென்ரியெட்டா லாக்சின் புற்றுச் செல்களை 1951 இல் கேளாமலே எடுத்தனர். உலகு பயன்பெற்றது, வணிகர் பொருள் குவித்தனர், குடும்பமோ இருபதாண்டுக்கும் மேலாக ஏதும் அறியாதிருந்தது. ஒரு நிறுவனத்தோடு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது 2023 இலேதான். அர்ச்சகரைக் கேட்ட வாய், ஆய்வாளர் முன் மட்டும் அடைபடுவானேன்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 நெறிமுறை, ஆய்வுக்குத் திசு எடுக்குமுன், தருபவருக்குப் புரியும் மொழியிலே விளக்கி ஒப்புதல் பெறவேண்டும் என்கிறது. நன்று. வேடசந்தூர் நூற்பாலைப் பெண்ணொருத்தியிடம் நாளை அத்தகைய தாளை நீட்டுவார்களாயின், கைநாட்டுக்கு முன் அவளுக்கு அதைப் படித்துக்காட்ட நம் மன்றத் தோழர் ஒருவர் உடன் செல்லட்டும்.